புள்ளி இல்லாத எழுத்து: பிலிப்பைன்ஸின் பைபாயின்

கேள்வி இது: "ஸ்பானியர் வருவதற்கு முன்பே பிலிப்பைன்ஸ் மக்கள் 'அலிபாட்டா' என்றொரு எழுத்தில் எழுதினார்களாமே, அது எப்படி இயங்குகிறது? நம் எழுத்தோடு அதற்கு உறவு உண்டா? 'தமிழ்' என்ற சொல்லை அதில் எப்படி எழுதுவது?"

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். அலிபாட்டா என்பது பழைய பெயர் அன்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பால் வெர்சோசா என்ற பிலிப்பைன்ஸ் அறிஞர், அலிஃப், பா, தா என்னும் முதல் மூன்று அரபு எழுத்துகளின் பெயர்களைச் சேர்த்து, இடையிலிருந்த ஃபகர ஒலியை நீக்கி உருவாக்கிய சொல் அது. இந்த எழுத்துக்கும் அரபு எழுத்துக்கும் வடிவத்திலோ வரிசையிலோ யாதொரு தொடர்பும் இல்லை. மணிலாப் பகுதியின் தகலோக் மொழி பேசுவோர் தம் எழுத்தைப் பைபாயின் என்றே அழைத்தனர். 'எழுத்துக்கூட்டு' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்த பெயர் அது. அலிபாட்டா என்ற சொல் பள்ளிப் பாடங்களில் நெடுங்காலம் புழங்கிவிட்டதால் இன்றும் பலர் அதைச் சொல்கிறார்கள். கேட்டால் திருத்தலாம், சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

பைபாயினைக் கற்பது தமிழருக்கு எளிது. தகலோகுக்கு வழங்கிய வடிவத்தில் மொத்தம் 17 எழுத்துகளே உள்ளன: உயிர் மூன்று, மெய் பதினான்கு. மெய்யெழுத்து ஒவ்வொன்றும் தனியே நிற்கும்போது அகரத்தைச் சேர்த்தே ஒலிக்கும். அதாவது நம் க, ம, ல போல. அதன் தலைக்கு மேல் சிறு கீற்று ஒன்று இட்டால் இகரமோ எகரமோ ஆகும். அடியில் இட்டால் உகரமோ ஒகரமோ ஆகும். இந்தக் கீற்றுக்குக் குட்லிட் என்று பெயர். கூர்முனையால் கீறிய சிறு வெட்டு என்பதே அச்சொல்லின் பொருள். மூங்கிலில் கத்தியால் எழுதியவர்களின் சொல் என்பது அதிலேயே தெரிகிறது. தமிழில் கொம்பு, சுழி, கால், கொக்கி என்று எத்தனை வகை உண்டோ, அத்தனைக்கும் சேர்த்து அங்கே மேலே ஒரு கீற்று, கீழே ஒரு கீற்று, அவ்வளவுதான். 'பல்' என்பதன் முதல் ஒலிக்கும் 'பஸ்' என்பதன் முதல் ஒலிக்கும் அங்கே தனித்தனி எழுத்து உண்டு. நம் அரிச்சுவடியில் பெரும்பாலும் சும்மா நிற்கும் ங வரிசைக்கு அங்கே ஓயாத வேலை. 'இப்போது' என்பதற்கும் 'புன்னகை' என்பதற்கும் உரிய தகலோக் சொற்களே ஙகரத்தில்தான் தொடங்குகின்றன.

இகரத்துக்கும் எகரத்துக்கும் ஒரே குறி, உகரத்துக்கும் ஒகரத்துக்கும் ஒரே குறி என்பதைக் கண்ட ஸ்பானியப் பாதிரியார்கள், இவ்வெழுத்து குறையுடையது என்று எழுதிவைத்தார்கள். இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது என்பதைத் தமிழ் படித்த எவரும் உடனே உணர்வர். 'கடல்', 'அங்கே', 'அகம்' ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. ஆயினும் நமக்கு எழுத்து ஒன்றே போதும், ஏனென்றால் இடம் ஒலியைத் தீர்மானித்துவிடுகிறது. அன்றைய தகலோகிலும் இகரமும் எகரமும் பொருளை மாற்றும் இரு ஒலிகளாக இல்லை. ஒரே ஒலியின் இரு சாயல்களாக இருந்தன. அவ்வாறே 'டாக்டர்' என்பதன் டகர ஒலிக்கும் ரகரத்துக்கும் அங்கே ஒரே எழுத்துதான் இருந்தது. 'டங்ஙால்' என்றால் மதிப்பு. அதன் முன் 'ம' ஒட்டு சேர்ந்தால் 'மரங்ஙால்', அதாவது மதிப்புக்குரிய. இரண்டு உயிர்களுக்கு நடுவில் வந்த டகரம் தானாகவே ரகரமாகத் திரிந்துவிடுகிறது. இதற்கு இரண்டு எழுத்து வைத்திருந்தால்தான் வீண்.

உண்மையிலேயே வியப்புக்குரிய செய்தி வேறு. பைபாயினில் புள்ளி கிடையாது. மெய்யின் அகரத்தை நீக்கி 'க' என்பதை 'க்' ஆக்க எந்த வழியும் இல்லை. அப்படியானால் சொல்லின் இறுதியிலும் இடையிலும் வரும் தனிமெய்யை எப்படி எழுதினார்கள்? எழுதவே இல்லை, விட்டுவிட்டார்கள். குழந்தை என்பதற்கு 'பதா', காவல் என்பதற்கு 'பன்தாய்', சட்டம் என்பதற்கு 'பதாஸ்', இழு என்பதற்கு 'பதாக்' என்று நான்கு சொற்கள் தகலோகில் உண்டு. நான்கையும் பைபாயினில் 'ப, த' என்ற இரண்டே எழுத்தில்தான் எழுத முடியும். எது என்பதை இடம் நோக்கி, பொருள் நோக்கி, வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதைக் கேட்டுச் சிரிப்பதற்கு முன் நம் ஓலைச்சுவடிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் தெளிவாக விதித்திருந்தும், எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடெழுதியவர்கள் அதைப் பெரும்பாலும் தவிர்த்தார்கள். 'மககள' என்று இருப்பதை 'மக்கள்' என்று அவர்களால் தடுமாறாமல் வாசிக்க முடிந்தது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறைக்கக் கூடாது: நம் ஏடுகளில் புள்ளி மட்டுமே விடுபட்டது, எழுத்து நின்றது, பைபாயினிலோ எழுத்தே விடுபட்டது. அதனால் வாசிப்பவர் மீது விழுந்த பாரம் அங்கே அதிகம். ஆனால் அதைச் சுமந்தவர்கள் அம்மொழியைத் தாய்ப்பாலோடு கற்றவர்கள். மொழி தெரியாமல் எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டு வாசிக்க முயன்ற வெளியூர்ப் பாதிரியார்தான் திணறினார். குறை என்று எழுதியவரும் அவரே.

அவர்கள் எதற்காக எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆணாயினும் பெண்ணாயினும் எழுதப் படிக்கத் தெரியாதவர் அரிது என்று 1604இல் வெளியான தம் நூலில் பெத்ரோ சிரினோ என்ற இயேசு சபைப் பாதிரியார் குறிப்பிட்டார்; 1609இல் அந்தோனியோ தே மோர்கா என்ற அதிகாரியும் ஏறக்குறைய இதையே சொன்னார்.  தீவுகள் அனைத்துக்கும் அக்கூற்றை நீட்டுவது மிகை. ஆனால் 1590ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மற்றொரு ஸ்பானியக் கையெழுத்துப் படி, மணிலா அமைந்த லூசோன் தீவினரிடம் நூல்களோ வரலாறுகளோ இல்லை, ஒருவருக்கொருவர் கடிதமும் நினைவுக் குறிப்புமே எழுதிக்கொள்கிறார்கள் என்கிறது. காப்பியமும் வழிபாடும் வாய்மொழியில் வாழ்ந்தன. மூங்கில் துண்டிலும் இலையிலும் எழுதப்பட்டவை அன்றாடச் செய்திகள். யார் எழுதியது, எதைப் பற்றி என்பது முன்பே தெரிந்த கடிதத்தில் இறுதி மெய் விடுபட்டாலும் பொருள் விடுபடாது. பாதிரியார்கள் மலை மலையாகப் பழைய நூல்களைக் கொளுத்தினார்கள் என்ற கதை இணையத்தில் மிகுதியாக உலவுகிறது. அத்தகைய பெருநூல்கள் இருந்ததற்கே சான்று இல்லாதபோது அந்தக் கதையை நான் ஏற்பதில்லை. மூங்கிலையும் இலையையும் அழிக்க அந்நாட்டு மழையும் பூச்சியுமே போதும்.

எழுதும் திசை பற்றியும் பழைய குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. மேலிருந்து கீழ் என்றார் ஒருவர், கீழிருந்து மேல் என்றார் இன்னொருவர், அரபு போல வலமிருந்து இடம் என்றவரும் உண்டு. மூங்கிலைக் கையில் எடுத்துப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். கத்திமுனை உடலை நோக்கி வந்தால் ஆபத்து. எனவே மூங்கிலை ஒரு முனையில் பிடித்து, உடலிலிருந்து விலகிச் செல்லும்படி கீறுகிறார்கள். பார்ப்பவருக்கு அது கீழிருந்து மேல். எழுதி முடித்த மூங்கிலைக் கிடையாகத் திருப்பிப் படித்தால் அதே வரி இடமிருந்து வலம். காகிதத்தில் எழுதியபோது இடமிருந்து வலமாகவே எழுதினார்கள்.

1593இல் மணிலாவில் டொமினிக்கன் சபையினர் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட 'தொக்திரினா கிறிஸ்தியானா' என்ற மறைக்கல்வி நூலில் ஸ்பானியமும், ரோமன் எழுத்தில் தகலோகும், பைபாயினில் தகலோகும் அடுத்தடுத்து வருகின்றன. அதன் விலை இரண்டு ரியால். இன்று அறியப்பட்டுள்ள ஒரே படி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. அதற்கு 15 ஆண்டுகளுக்கு முன், 1578இல், கொல்லத்தில் தமிழில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இதே வகை மறைக்கல்வி நூல் என்பதை நினைவில் கொண்டால், அக்காலத்துப் பாதிரியார்கள் போகும் இடமெல்லாம் அந்தந்த ஊர் எழுத்தையே முதலில் கையில் எடுத்தார்கள் என்பது விளங்கும். 1593ஆம் ஆண்டு நூலின் பைபாயின் பகுதியில் இறுதி மெய்கள் எல்லாம் மரபுப்படி விடுபட்டே இருக்கின்றன. வேண்டுதலின் ஒவ்வொரு அசையும் பிசகக் கூடாது என்று கருதிய குருமாருக்கு இது உறுத்தலாக இருந்திருக்கும்.

அந்த உறுத்தலுக்கு மருந்து கண்டவர் அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லோப்பஸ். 1621இல் வெளியான, வட லூசோனின் இலோகானோ மொழி மறைக்கல்வி நூலில், எழுத்தின் அடியில் சிறு சிலுவைக் குறி இட்டால் அகரம் நீங்கித் தனிமெய்யாகும் என்ற புது முறையை அவர் புகுத்தினார். சுருங்கச் சொன்னால், அவர் வைத்தது ஒரு புள்ளி. ஒரு நூற்றாண்டு கழித்துத் தமிழகத்துக்கு வந்த வீரமாமுனிவர், எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் தனித்தனியே பிரித்துக் காட்டியது இதற்கு நெருங்கிய ஒப்பு. ஆனால் முடிவு வேறு. வீரமாமுனிவரின் திருத்தத்தைத் தமிழ் ஏற்றுக்கொண்டது. லோப்பஸின் சிலுவையைத் தகலோக் எழுத்தறிந்தோர் ஏற்கவில்லை. நல்லதுதான் என்று மரியாதையாகப் பாராட்டிவிட்டு, எங்கள் எழுத்தின் இயல்புக்கு இது ஒவ்வாது, ஏற்றால் எங்கள் எழுத்துமரபே குலையும் என்று அவர்கள் மறுத்ததாக 18ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று கூறுகிறது. எழுத்தை உருவாக்கிக் காத்தவர்களின் குரல் நேரடியாகக் கேட்கும் மிகச் சில இடங்களில் அது ஒன்று என்பதால், எனக்கு அந்தக் குறிப்பின் மீது தனி ஈடுபாடு.

சிலுவையை மறுத்தவர்கள் விரைவிலேயே எழுத்தையே கைவிட்டார்கள். மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் 1613, 1625 ஆகிய ஆண்டுகளுக்குரிய நில விற்பனைப் பத்திரங்கள் இரண்டு முழுவதும் பைபாயினில் எழுதப்பட்டவையாக உள்ளன. 2014இல் அவை தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. ஆக, 17ஆம் நூற்றாண்டில் சொத்துப் பரிமாற்றத்துக்கே இவ்வெழுத்து செல்லுபடியானது. ஆனால் 1745இல் இலக்கணம் எழுதிய செபஸ்தியான் தே தோத்தானேஸ், இதை வாசிக்கத் தெரிந்தவர் அரிது, எழுதத் தெரிந்தவர் ஏறக்குறைய இல்லை என்கிறார். நீதிமன்றமும் கோயிலும் ஊராட்சியும் ரோமன் எழுத்துக்கு மாறியபின், முன்பின் அறியாதவர் எழுதிய பத்திரத்தையும் ஐயமின்றி வாசிக்க வேண்டிய நிலை வந்தது. தெரிந்தவருக்குத் தெரிந்தவர் எழுதும் கடிதத்துக்கு இசைந்த எழுத்து, தெரியாதவர்களின் அரசாங்கத்துக்கு இசையவில்லை.

இனி, உறவு பற்றிய கேள்வி. 1989இல் மணிலாவுக்கு அருகிலுள்ள லகுனா மாகாணத்தின் லும்பான் ஆற்றில் மணல் அள்ளியபோது ஒரு செப்பேடு கிடைத்தது. பத்து வரிகள். எழுத்து 'காவி' எனப்படும் பழைய ஜாவா எழுத்து, மொழி பெரும்பாலும் பழைய மலாய், ஊடே சமஸ்கிருதமும் பழைய ஜாவாவும். தொடக்கமே 'ஸ்வஸ்தி' என்றிருக்கும். தொடர்ந்து சக ஆண்டு 822, வைசாக மாதம், கிருஷ்ண பட்சம், சதுர்த்தி, சோமவாரம் என்று வரும். நம் கோயில் கல்வெட்டைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இதில் அந்நியமாக எதுவுமே தோன்றாது. கி.பி. 900 ஏப்ரல் 21ஆம் நாளுக்குரிய அந்த ஏடு, நம்வாரன் என்பவரின் பொன் கடன் தீர்க்கப்பட்டதற்கான சான்று. அவருடைய பிள்ளைகளும் வழித்தோன்றல்களும் அக்கடனிலிருந்து விடுபட்டதாக அது சொல்கிறது.

பைபாயின் காவியின் வழியில் வந்தது என்பதே பரவலான கருத்து. காவி எழுத்து ஜாவாவில் 8ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது; அதன் தாய், பல்லவர் காலத் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்ற பல்லவ எழுத்து. அந்தப் பல்லவ எழுத்து சமஸ்கிருதம் எழுத வழங்கிய கிரந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே பைபாயின் தமிழெழுத்தின் பிள்ளை அன்று. பிராமி என்ற ஒரே பாட்டியின் வழியில், நடுவே பல தலைமுறை விலகிய ஒன்றுவிட்ட உறவு என்பதே சரி. 'தமிழிலிருந்து பிறந்தது' என்று பரவும் பதிவுகளை நம்ப வேண்டாம்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. காவியில் புள்ளிக்கு நிகரான குறி உண்டு. சுமத்ராவின் பத்தாக் எழுத்திலும் உண்டு. பைபாயினில் மட்டும் அது எங்கே போயிற்று? இந்தோனேசியாவின் சுலவேசித் தீவின் புகிஸ், மகஸ்ஸார் எழுத்துகளிலும் இறுதி மெய்யை எழுதும் வழக்கம் இல்லை என்பதால், அப்பக்கமாகவே எழுத்து வடக்கே ஏறியிருக்க வேண்டும் என்பது ஒரு கருத்து. இன்றைய வியட்நாமில் இருந்த சம்பா நாட்டு எழுத்திலிருந்து வந்தது என்பார் சிலர். குஜராத் வணிகரின் எழுத்திலிருந்து என்பார் வேறு சிலர். சுலவேசிக் கருத்தே எனக்கு ஓரளவு பொருத்தமாகப் படுகிறது; அறிஞர்களிடையே இசைவு ஏற்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

பைபாயின் மறைந்தாலும் அதன் உடன்பிறப்புகள் மறையவில்லை. மிந்தோரோ தீவின் மலைவாழ் மங்யான் மக்களில் ஹனுனோ, புஹித் ஆகிய இரு பிரிவினரும், பலவான் தீவின் தக்பன்வா, பலாவன் மக்களும் தத்தம் எழுத்தை இழக்காமல் வைத்திருந்தனர். இந்நான்கும் 1999இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தன. ஹனுனோ மக்களிடம் எழுத்து வாழ்ந்ததற்குக் காரணம் பள்ளிக்கூடம் அன்று, காதல். இளம் வயதினர் ஆண் பெண் வேறுபாடின்றி இதைக் கற்பது பெரும்பாலும் பாட்டுகளைக் குறித்துவைத்து மனப்பாடம் செய்து, மனத்துக்கு இசைந்தவரிடம் சொல்வதற்காகத்தான். 'அம்பாஹான்' எனப்படும் அவர்களுடைய பாவில் ஒவ்வொரு அடியும் ஏழு அசை கொண்டது, அடியிறுதி இயைபு பெறும். பெற்றோர் அறிவுரையும் விருந்தினர் விடைபெறலும் அதே பாவில்தான். மூங்கிலில் கத்தியால் அதைக் கீறுகிறார்கள். இடக்கையர் சிலர் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவதும், மற்றவர்கள் அதை இடரின்றி வாசிப்பதும் உண்டு. மன்சாலாயைச் சேர்ந்த கினாவ் பிலோக் என்ற ஹனுனோ கவிஞருக்கு 1993இல் பிலிப்பைன்ஸ் அரசு நாட்டின் வாழும் கலைச்செல்வர் விருதை அளித்தது.

அந்த மன்சாலாய்ப் பகுதியில் மங்யான் மக்களோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர் டச்சு நாட்டிலிருந்து மதப்பணிக்கு வந்த அந்தோன் போஸ்த்மா. லகுனாச் செப்பேட்டைப் படித்துப் பொருள் கண்டவரும் அவரே. ஹனுனோ எழுத்தில் தனிமெய்யைக் காட்டப் 'பமுத்போத்' என்ற குறியைப் புகுத்தியவரும் அவரே. லோப்பஸுக்கு மூன்றரை நூற்றாண்டு கழித்து இன்னொரு புள்ளி! இம்முறை அது ஓரளவு ஏற்கப்பட்டது. ஆயினும் பழைய முறையிலேயே விட்டு எழுதுவோரும் இருக்கிறார்கள்.

லூசோன் தீவின் பம்பாங்கா மக்கள் தம் எழுத்தைக் குலித்தான் என்று அழைத்து, மேலிருந்து கீழாக எழுதும் வடிவில் இன்று மீட்டெடுத்து வருகிறார்கள். போஹோல் தீவின் எஸ்காயா எழுத்து பழமையானது என்று சொல்லப்பட்டாலும் அது 20ஆம் நூற்றாண்டுப் படைப்பு. ஸ்பானியருக்கு முற்பட்ட சட்டத்தொகுப்பு எனப்படும் 'கலந்தியாவ் சட்டம்' போன்றவற்றைப் பழம் ஆவணங்கள் என்று எவரேனும் காட்டினால் விலகிவிடுங்கள். அவை ஹோசே மார்க்கோ என்பவரின் போலிகள் என்று வரலாற்றாசிரியர் வில்லியம் ஹென்றி ஸ்காட் 1968இலேயே நிறுவிவிட்டார்.

2002இல் பைபாயின், ஹனுனோ, புஹித், தக்பன்வா ஆகிய நான்கும் யூனிகோடில் இடம்பெற்றன. டகரத்திலிருந்து பிரிந்த தனி ரகரம் 2021இல் சேர்ந்தது. பைபாயினைத் தேசிய எழுத்தாக்கும் மசோதாவை 2018இல் நாடாளுமன்றக் குழு ஒன்று ஏற்றது. ஆனால் அது சட்டமாக நிறைவேறவில்லை. தகலோகின் எழுத்து எப்படி எல்லோருக்கும் உரியதாகும் என்று பிற மொழியினர் கேட்டது நியாயமே. 2010இல் வந்த பணத்தாள்களை வெளிச்சத்தில் பிடித்தால் பைபாயினில் 'பிலிபினோ' என்று தெரியும். பி, லி, பி, னோ என நான்கும் உயிரில் முடியும் அசைகள் என்பதால், அதை எழுதச் சிலுவையும் தேவைப்படவில்லை.

கடைசியாக, 'தமிழ்' என்று எழுதுவது. தகரம் ஒன்று, மேலே கீற்றிட்ட மகரம் ஒன்று. ழகரம் அங்கே கிடையாது. லகரத்தைக் கடன் வாங்கி அடியில் லோப்பஸின் சிலுவையை இட்டால் 'தமில்' வரை வரலாம், இன்றைய பயிற்சி நூல்களின் முறை அதுதான். மரபை மதித்தால் இறுதி மெய்யை விட்டுவிட்டு 'த, மி' என்ற இரண்டோடு நிறுத்த வேண்டும். 16ஆம் நூற்றாண்டுத் தகலோக்காரர் ஒருவரிடம் அந்த இரண்டு எழுத்தைக் காட்டியிருந்தால், விடுபட்ட மெய்யைத் தம் மொழியிலிருந்தே நிரப்பி 'தமிஸ்' என்று வாசித்திருக்கக்கூடும். தகலோகில் தமிஸ் என்றால் இனிமை.